கைகுலுக்கல் முடிந்தும் காந்தம் வரவில்லை: கோவை வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: ஐயா, கோவையில் பதினான்கு பேர் வேலை பார்க்கும் ஒரு சிறு பட்டறை நடத்துகிறேன். மின்சார ஸ்கூட்டர்களுக்கும் சிறு பம்ப்புகளுக்கும் பிரஷ் இல்லாத மோட்டார் செய்து கொடுக்கிறோம். அதற்கு வேண்டிய காந்தம் சீனாவிலிருந்து வருகிறது. 2025 ஏப்ரலில் அது நின்றது. மே மாதம் ஜெனீவாவில் சமாதானம் என்றார்கள், ஜூனில் லண்டனில் என்றார்கள், அக்டோபர் கடைசியில் அமெரிக்க, சீன அதிபர்கள் இருவரும் நேரில் கைகுலுக்கினார்கள். ஒவ்வொரு முறையும் சப்ளையர் 'இன்னும் பதினைந்து நாள்' என்கிறார். சண்டை அவர்கள் இருவருக்குள். எனக்கு ஏன் சரக்கு நிற்கிறது? இது எப்போது முடியும்? நம் மணவாளக்குறிச்சி மணலிலேயே காந்தம் செய்ய முடியாதா? ஓசூரில் ஒரு வாடிக்கையாளர் ஓராண்டுக்கு ஒரே விலையில் 6,000 மோட்டார் கேட்கிறார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒப்புக்கொள்ளலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

கடிதத்துடன் நீங்கள் அனுப்பிய இரண்டு காந்தங்களும் வந்து சேர்ந்தன. நடுவே வைத்திருந்த அட்டையை எடுத்ததுமே இரண்டும் பாய்ந்து ஒட்டிக்கொண்டன. கையால் இழுத்துப் பிரிக்க முடியாமல், ஒன்றை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, மற்றதைப் பக்கவாட்டில் தள்ளித்தான் பிரித்தேன். அப்படிப் பிரித்ததில் ஒன்றின் ஓரத்தில் நிக்கல் பூச்சு பெயர்ந்து உள்ளிருக்கும் சாம்பல் நிறம் தெரிகிறது. அதற்கு மன்னிக்க வேண்டும். உறையின் மேல் 'என் 42 எஸ்எச்' என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் சரக்கு ஏன் நிற்கிறது என்பதற்கான விடை பெரும்பாலும் அந்தக் கடைசி இரண்டு எழுத்துகளில் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

42 என்பது காந்தத்தின் ஆற்றலைக் குறிக்கும் எண். அதன் பின்னால் வரும் எழுத்துகள் அது எவ்வளவு சூடு தாங்கும் என்பதைச் சொல்கின்றன. எழுத்து எதுவும் பின்னால் இல்லாத சாதாரண ரகம் சுமார் 80 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும்; 'எச்' என்றால் 120, 'எஸ்எச்' என்றால் 150, 'யுஎச்' என்றால் 180. இந்தக் காந்தங்கள் எல்லாமே நியோடிமியம், இரும்பு, போரான் ஆகிய மூன்றின் கலவைதான். ஆனால் அந்தக் கலவை சூடேறினால் தன் காந்தத்தன்மையை விட்டுக்கொடுக்கத் தொடங்கிவிடும். அதைத் தடுக்க டிஸ்புரோசியம் அல்லது டெர்பியம் என்ற கனமான அருமண் (ரேர் எர்த்) தனிமத்தைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். நூறு கிராம் காந்தத்தில் சில கிராம்தான் அது இருக்கும். உங்கள் பட்டறையை நிறுத்தி வைத்திருப்பது அந்தச் சில கிராம்தான்.

2025 ஏப்ரல் 4 அன்று சீன வணிக அமைச்சகம் ஏழு தனிமங்களுக்கு ஏற்றுமதி உரிமத்தைக் கட்டாயமாக்கியது: சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்புரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், யிட்ரியம். இவற்றோடு, இவை கலந்த காந்தங்களும் அந்த ஆணைக்குள் வருகின்றன. இந்தப் பட்டியலில் நியோடிமியம் இல்லை என்பதைக் கவனியுங்கள். டிஸ்புரோசியமோ டெர்பியமோ கலக்காத நியோடிமியம் காந்தத்துக்குச் சட்டப்படி இந்த உரிமம் தேவையில்லை. நடைமுறையில், ஆணை வந்த புதிதில், கலப்பில்லாத காந்தங்களையும் பரிசோதனைக்காகத் துறைமுகத்தில் நிறுத்தி வைத்தார்கள்; ஆகவே எல்லாமே நின்றுபோனதாகத் தோன்றியது. 2025 மே மாதத்தில் சீனாவின் அருமண் காந்த ஏற்றுமதி, முந்தைய ஆண்டு மே மாதத்தைக் காட்டிலும் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைந்தது. சிறு பட்டறைகள் மட்டும் தவிக்கவில்லை. அந்த மாதம் அமெரிக்காவின் சிகாகோ ஆலையில் ஃபோர்டு நிறுவனம் ஒரு வாரம் கார் உற்பத்தியை நிறுத்தியது. ஜப்பானில் சுசுகி நிறுவனம் ஸ்விஃப்ட் கார் உற்பத்தியை நிறுத்தியது.

சண்டை அவர்கள் இருவருக்குள், எனக்கு ஏன் நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மனவருத்தம் முழுக்க நியாயமானது. ஆனால் ஏப்ரல் ஆணை அமெரிக்காவை மட்டும் குறிவைத்து எழுதப்பட்டதல்ல. அது எல்லா நாடுகளுக்கும் பொருந்தும். அமெரிக்காவுக்கு மட்டும் தடை போட்டால் சரக்கு மூன்றாவது நாடு ஒன்றின் வழியாக அங்கே போய்விடும். ஆகவே உலகில் எங்கே போனாலும் யார் வாங்குகிறார், எதற்காக வாங்குகிறார் என்று கேட்கும் உரிமையைச் சீன அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. உங்களிடம் 'இறுதிப் பயனர் சான்றிதழ்' கேட்பது இதனால்தான். இந்தக் காந்தம் இன்ன மோட்டாருக்குள் போகிறது, ஆயுதத்துக்குப் போகாது, வேறு நாட்டுக்கு மறுஏற்றுமதி ஆகாது என்று நீங்கள் எழுதிக் கொடுத்து, அது நம் அரசு அலுவலகங்களின் மேலொப்பத்தையும் தாண்டி, சீன சப்ளையர் வழியாக அங்குள்ள அமைச்சகத்துக்குப் போக வேண்டும். அவர்கள் சட்டப்படி பரிசீலனைக்கு 45 வேலை நாட்கள் வரை எடுத்துக்கொள்ளலாம். ஓரிடத்தில் ஒரு தாள் குறைந்தாலும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். உங்கள் சப்ளையர் சொல்லும் 'பதினைந்து நாள்' இந்தக் கணக்கில் எங்குமே பொருந்தவில்லை. அவர் பொய் சொல்கிறார் என்று நான் கருதவில்லை. அவருக்கும் தெரியவில்லை, தெரியாததைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

வரியையும் உரிமத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. உங்களைப் போன்ற தொழில்முனைவோர் பலர் நாளிதழில் எத்தனை சதவீத வரி என்பதை மட்டும் பார்க்கிறார்கள். வரி வந்தால் பொருளின் விலை ஏறும். வாங்குபவர், விற்பவர், இடையில் இருப்பவர் மூவரும் பேசி அதைப் பங்குபோட்டுக்கொள்ள முடியும். உரிமம் வந்தால் விலையில் மாற்றம் இல்லாமலே பொருள் நின்றுவிடும். நின்ற நாட்களுக்கு வாடகையும் கூலியும் வங்கி வட்டியும் ஓடிக்கொண்டே இருக்கும். இருபத்தெட்டு ஆண்டுகளாக ஏற்றுமதி, இறக்குமதி ஆவணங்களோடு வாழ்கிறேன். வரி ஏறியதால் மூடப்பட்ட சிறு தொழிற்கூடங்களைவிட, சரக்கு எந்த நாளில் வரும் என்று தெரியாமல் மூடப்பட்டவற்றையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இரு வல்லரசுகளின் சண்டையும் கடந்த ஏழு ஆண்டுகளில் வரியிலிருந்து உரிமத்துக்கு நகர்ந்திருக்கிறது. 2018 ஜூலை 6 அன்று அமெரிக்கா 3,400 கோடி டாலர் மதிப்புள்ள சீனப் பொருட்களுக்கு 25 சதவீத வரி விதித்தது. சீனா சோயாபீன்ஸ் உள்ளிட்ட அமெரிக்கப் பொருட்களுக்கு அதே 25 சதவீதத்தைத் திருப்பி விதித்தது. செப்டம்பரில் மேலும் 20,000 கோடி டாலர் பொருட்களுக்கு வரி வந்தது. செய்தி எல்லாம் இதைப் பற்றித்தான் இருந்தது. அதே 2018 ஏப்ரலில் நடந்த இன்னொன்றை அப்போது பலர் உற்றுக் கவனிக்கவில்லை. இசட்டிஇ என்ற சீனத் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு அமெரிக்க உதிரிபாகங்கள் எதையும் விற்கக் கூடாது என்று வாஷிங்டன் ஓர் ஆணையிட்டது. அடுத்த மாதமே தன் முக்கியச் செயல்பாடுகள் நின்றுவிட்டதாக அந்த நிறுவனம் அறிவிக்க வேண்டியதாயிற்று. நூறு கோடி டாலர் அபராதம் கட்டிய பிறகுதான் தடை நீங்கியது. வரியால் எத்தனை ஆண்டுகளானாலும் செய்ய முடியாத ஒன்றை ஒரு தாள் சில வாரங்களில் செய்துகாட்டியது.

அதன்பின் 2019 மே மாதம் ஹுவாவே, 2022 அக்டோபர் 7 அன்று உயர்வகைச் சிப்களும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களும் என்று அமெரிக்கா இந்த வழியில் தொடர்ந்து நடந்தது. சீனாவும் பாடம் கற்றுக்கொண்டது. 2023 ஆகஸ்ட் முதல் காலியம், ஜெர்மானியம் ஆகியவற்றுக்கு ஏற்றுமதி உரிமம் கொண்டுவந்தது. 2024 டிசம்பரில் அவற்றை அமெரிக்காவுக்கு அனுப்புவதையே தடை செய்தது. ஒருவரிடம் சிப், மற்றவரிடம் காந்தம். இருவருமே தங்களிடம் மட்டும் இருப்பது எது என்று தேடிப் பார்த்து அதன் வாசலில் காவலாளியை நிறுத்தியிருக்கிறார்கள். இதில் ஒருவர் நல்லவர், மற்றவர் கெட்டவர் என்று பிரித்துப் பார்ப்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. நமக்கு அதனால் பயனும் இல்லை.

இது எப்போது முடியும் என்ற கேள்விக்கு வருகிறேன். 2025இல் நடந்ததைத் தேதி வரிசையில் ஒருமுறை பார்த்தால் உங்களுக்கே விளங்கும். ஏப்ரலில் இரு தரப்பும் மாறி மாறி உயர்த்தி, அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 145 சதவீதத்தையும் சீனா விதித்தது 125 சதவீதத்தையும் தொட்டன. அந்த அளவில் வரிக்கு வரி என்ற பொருளே போய்விடுகிறது. அது வணிகத் தடைதான். மே 12 அன்று ஜெனீவாவிலிருந்து அறிவிப்பு வந்தது: தொண்ணூறு நாட்களுக்கு 30 சதவீதமும் 10 சதவீதமும். மூன்று வாரம்கூட ஆகவில்லை, சிப் வடிவமைக்கும் மென்பொருளை அமெரிக்கா நிறுத்துகிறது என்றும், காந்த உரிமத்தைச் சீனா இழுத்தடிக்கிறது என்றும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டினார்கள். ஜூனில் லண்டனில் மறுபடியும் அமர்ந்தார்கள், ஜூலையில் ஸ்டாக்ஹோம், ஆகஸ்டில் மேலும் தொண்ணூறு நாள் நீட்டிப்பு, செப்டம்பர் நடுவில் மாட்ரிட்.

மாட்ரிட்டில் நல்ல முன்னேற்றம் என்று சொல்லிவிட்டு வந்த இரண்டு வாரத்தில், செப்டம்பர் 29 அன்று, தடைப்பட்டியலில் உள்ள நிறுவனங்கள் பாதி அல்லது அதற்கு மேல் பங்கு வைத்திருக்கும் துணை நிறுவனங்களுக்கும் தடை பொருந்தும் என்று அமெரிக்க வணிகத்துறை விதியை விரித்தது. ஆயிரக்கணக்கான சீன நிறுவனங்கள் ஒரே நாளில் அந்த வலைக்குள் வந்தன. அக்டோபர் 9 அன்று சீனா மேலும் ஐந்து அருமண் தனிமங்களைச் சேர்த்தது. அதோடு, வெளிநாட்டில் செய்யப்பட்ட பொருளில்கூட, பட்டியலிலுள்ள சீன அருமண்ணின் மதிப்பு 0.1 சதவீதம் இருந்தாலே தன் உரிமம் வேண்டும் என்று அறிவித்தது. மறுநாளே நூறு சதவீதக் கூடுதல் வரி என்று டிரம்ப் எச்சரித்தார். அக்டோபர் 30 அன்று தென்கொரியாவின் பூசானில் டிரம்ப்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்து, இவை எல்லாவற்றையும் ஓராண்டுக்கு நிறுத்தி வைத்தார்கள்.

'நிறுத்தி வைத்தார்கள்' என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படியுங்கள். செப்டம்பர் 29 விதியும் அக்டோபர் 9 ஆணையும் ரத்தாகவில்லை. 2026 நவம்பர் 10 வரை தூங்குகின்றன. உங்களுக்கு மிக முக்கியமான செய்தி இன்னொன்று: நிறுத்தி வைக்கப்பட்டது அக்டோபர் ஆணை. உங்கள் எஸ்எச் காந்தத்தைப் பிடித்திருக்கும் ஏப்ரல் 4 ஆணை அப்படியே நடைமுறையில் இருக்கிறது. குறிப்பிட்ட வாடிக்கையாளர்களுக்கு நீண்டகாலப் பொது உரிமம் தரத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் அது பெரிய நிறுவனங்களுக்கு முதலில் கிடைக்கும், பதினான்கு பேர் கொண்ட பட்டறைக்குக் கடைசியில்தான் வரும். தொலைக்காட்சியில் கைகுலுக்கலைப் பார்த்த நீங்கள் மறுவாரம் சரக்கை எதிர்பார்த்ததில் தவறில்லை. செய்தி சொன்னவர்கள் எந்த ஆணை, எந்தத் தேதி என்று பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அப்படியானால் இவர்கள் ஏன் ஒரேயடியாக முறித்துக்கொள்ளவில்லை என்ற கேள்வி எழும். முறிக்க முடியாது என்பதே விடை. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததிலிருந்து இரு நாடுகளும் ஒருவர் வயிற்றில் மற்றவர் கைவைத்து வாழ்கிறார்கள். இத்தனை சண்டைக்குப் பிறகும் 2024இல் இரு நாடுகளிடையே நடந்த சரக்கு வணிகம் சுமார் 58,000 கோடி டாலர். அதில் அமெரிக்கா வாங்கியது 43,900 கோடி, விற்றது 14,300 கோடி. 2025 செப்டம்பரில் சீனா அமெரிக்காவிலிருந்து ஒரு டன் சோயாபீன்ஸ்கூட இறக்குமதி செய்யவில்லை. அறுவடைக் காலத்தில் வாங்குவதற்கு ஆளில்லாமல் நின்ற அயோவா, இல்லினாய் விவசாயிகளின் தானியக் கிடங்குகளும் பூசான் மேசைக்கு அவர்களை அழைத்து வந்தன என்பது என் கணிப்பு. அந்த ஆண்டின் கடைசிக்குள் 1.2 கோடி டன்னும், அடுத்த மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு 2.5 கோடி டன்னும் சீனா வாங்கும் என்று வாஷிங்டன் அறிவித்தது. இதே போன்ற வாக்குறுதி 2020 ஜனவரி 15 அன்று கையெழுத்தான முதல் கட்ட ஒப்பந்தத்திலும் இருந்தது; இரண்டு ஆண்டுகளில் கூடுதலாக 20,000 கோடி டாலருக்கு வாங்குவதாகச் சொன்ன சீனா அதன் அருகில்கூட வரவில்லை. ஆகவே, பேச்சுவார்த்தையும் தொடரும், சண்டையும் தொடரும். நீங்கள் தொழில் நடத்தப்போகும் காலம் முழுவதும் இரண்டும் சேர்ந்தேதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. உங்கள் மேசையில் இருக்கும் இந்தக் காந்தம் சீனாவில் பிறந்ததல்ல. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாடோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆய்வகத்தில் ஜான் குரோட்டும் தனித்தனியே கண்டுபிடித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதற்கென்று மேக்னிக்வென்ச் என்ற பிரிவையே தொடங்கி, இந்தியானா மாநிலத்தில் காந்தம் செய்தது. 1995இல் சீன நிறுவனங்கள் இடம்பெற்ற ஒரு குழுவுக்கு அது விற்கப்பட்டது. சில ஆண்டுகளில் அமெரிக்க ஆலைகள் மூடப்பட்டு, உற்பத்தி சீனாவுக்குப் போனது. அன்றைக்கு அது மலிவான விலைக்கான நல்ல வணிக முடிவாகத் தெரிந்தது. இன்று உலகின் அருமண் பிரித்தெடுப்பிலும் காந்த உற்பத்தியிலும் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சீனாவில் நடக்கிறது. 2025 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத்துறை கலிபோர்னியாவில் மவுண்டன் பாஸ் சுரங்கத்தை நடத்தும் எம்பி மெட்டீரியல்ஸ் நிறுவனத்தில் 40 கோடி டாலர் முதலீடு செய்ததோடு, நியோடிமியம்-பிரசியோடிமியத்துக்குக் கிலோவுக்கு 110 டாலர் அடிப்படை விலைக்கும் உறுதி கொடுக்க வேண்டியதாயிற்று.

மணவாளக்குறிச்சி பற்றிய உங்கள் கேள்வியில் இருக்கும் ஆதங்கத்தை நானும் உணர்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தின் அந்தக் கடற்கரை மணலில் அருமண் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. பொதுத்துறை நிறுவனமான ஐஆர்இஎல் அங்கும், கேரளத்தின் சவரையிலும், ஒடிசாவின் சத்ரபூரிலும் மணலைப் பிரித்தெடுக்கிறது. ஆனால் மணலுக்கும் உங்கள் காந்தத்துக்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. மோனசைட்டில் தோரியம் கலந்திருப்பதால் அது அணுசக்தித் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தனியார் எவரும் அள்ளிக்கொண்டு போய்விட முடியாது. மணலிலிருந்து மோனசைட், அதிலிருந்து கலப்பு அருமண், அதிலிருந்து தனித்தனி ஆக்சைடு, பிறகு உலோகம், உலோகக் கலவை, பொடி, அழுத்திச் சுட்டெடுத்த கட்டி, அறுத்துப் பூச்சிட்ட காந்தம் என்று எட்டுப் படிகள். நம்மிடம் முதல் மூன்று படிகள் ஓரளவு உண்டு. பின்னால் வருபவை மிகக் குறைவு. அதைவிட முக்கியமாக, நம் மோனசைட்டில் நியோடிமியம் போன்ற லேசான அருமண்தான் அதிகம். உங்களுக்குத் தேவையான டிஸ்புரோசியம் மிகச் சொற்பம்.

2025 நவம்பர் 26 அன்று மத்திய அமைச்சரவை 7,280 கோடி ரூபாயில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் அளித்திருக்கிறது. ஆண்டுக்கு 6,000 டன் அருமண் நிரந்தரக் காந்தம் உள்நாட்டில் செய்வது இலக்கு. ஆலை அமைக்க இரண்டு ஆண்டுகள், பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு ஊக்கத்தொகை. நல்ல முடிவு, வரவேற்கிறேன். ஆனால் ஜப்பானின் அனுபவத்தைப் பாருங்கள். 2010 செப்டம்பரில் ஒரு மீன்பிடிப் படகு மோதலுக்குப் பின் சீனா ஜப்பானுக்கு அருமண் அனுப்புவதை நிறுத்தியது. மறு ஆண்டே ஜப்பான் ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்துக்கு 25 கோடி டாலர் கொடுத்து உதவியது. அந்த லைனாஸ் மலேசியாவில் உள்ள தன் ஆலையில் டிஸ்புரோசியத்தை முதன்முதலாகப் பிரித்தெடுத்தது 2025 மே மாதத்தில்தான். பணமும் உறுதியும் இருந்த நாட்டுக்கே அத்தனை காலம் ஆகியிருக்கிறது. தவிர, கன்னியாகுமரி மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டாரத்தில் புதிய சுரங்கப் பரப்புக்குக் கடற்கரை மக்கள் எதிர்ப்புத் தெரிவித்து வருகிறார்கள். கதிர்வீச்சு பற்றிய அவர்களுடைய அச்சத்துக்கு நேர்மையான பதில் சொல்லாமல் அந்த மணலை எடுப்பது சரியல்ல என்பது என் கருத்து. ஓசூர் ஆர்டரை நீங்கள் முடிவு செய்யும்போது மணவாளக்குறிச்சியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இனி அந்த ஆர்டர். முதலில், உங்களுக்கு உண்மையிலேயே எஸ்எச் வேண்டுமா என்று பாருங்கள். சப்ளையர் முதல் நாள் கொடுத்த ரகத்தையே காலமெல்லாம் வாங்கும் பழக்கம் நம் பட்டறைகளில் பரவலாக இருக்கிறது. பம்ப்புக்குள் போகும் மோட்டார் தண்ணீரால் குளிர்கிறது. காந்தம் பதித்துச் சுழலும் பகுதியான ரோட்டரின் சூடு 80 டிகிரிக்குக் கீழேயே இருந்தால் சாதாரண ரகமோ, நூறு டிகிரி தாங்கும் 'எம்' ரகமோ போதுமானதாக இருக்கலாம். வைண்டிங்கில் வைத்த சென்சாரை மட்டும் நம்பாமல், முழுச் சுமையில் இரண்டு மணி நேரம் ஓட்டி, ரோட்டரில் வெப்பநிலை ஸ்டிக்கர் ஒட்டி அளந்து பாருங்கள். அளந்த சூட்டுக்கு மேல் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் ரகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெப்பத்தோடு எதிர்க்காந்தப் புலமும் சேரும்போது விளிம்பில் நிற்பது ஆபத்து. டிஸ்புரோசியமும் டெர்பியமும் இல்லை என்று சோதனைச் சான்றோடு அனுப்பும் தயாரிப்பாளரிடம் அந்த ரகத்தை வாங்கினால் உங்கள் பம்ப் மோட்டார் இந்த உரிமப் பூட்டிலிருந்தே வெளியே வந்துவிடும். அருமண் கலக்காத ஃபெரைட் காந்தத்துக்கு வடிவமைப்பை மாற்றுவது இன்னும் பாதுகாப்பானது. மோட்டார் பெரிதாகவும் கனமாகவும் ஆகும், பம்ப்புக்கு அது பெரிய குறையல்ல. ஸ்கூட்டர் மோட்டாருக்குத்தான் எடையும் சூடும் இடிக்கும்; அதற்கு எஸ்எச் தேவைப்படவே செய்யும்.

ஸ்கூட்டருக்கான காந்தத்தைச் சேர்த்து வைப்பதைப் பற்றி என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2011இல் டிஸ்புரோசியம் விலை தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்தபோது, என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மோட்டார் தயாரிப்பாளரிடம், இன்னும் ஏறும், ஓராண்டுக்கு வாங்கிப் போடுங்கள் என்றேன். கடன் வாங்கி வாங்கினார். அடுத்த ஆண்டே விலை சரிந்தது. அவர் போட்டியாளர்கள் மலிவாக வாங்கினார்கள், இவர் மூன்று ஆண்டுகள் வட்டி கட்டினார். இன்றும் அவர் முகம் எனக்கு நினைவில் இருக்கிறது. ஆகவே ஓராண்டுக்கு வாங்காதீர்கள். உரிமம் கிடைக்க ஆகும் காலத்தோடு கப்பல் காலத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ நான்கு மாதம் வருகிறது. அந்த நான்கு மாதத் தேவை மட்டும் எப்போதும் அலமாரியில் இருக்கும்படி, அதுவும் எஸ்எச் ரகத்துக்கு மட்டும், பார்த்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் படாத இடத்தில் வையுங்கள். பூச்சு பெயர்ந்தால் அந்தக் காந்தம் துருப்பிடித்து உதிர்ந்துவிடும்.

சப்ளையருக்கு முழு அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம். சிறு பகுதியை முன்பணமாகவும், பெரும்பகுதியை ஏற்றுமதி உரிமத்தின் நகல் கைக்கு வந்த பிறகும் கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். உரிமம் மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்ற வரியும் இருக்கட்டும். இறுதிப் பயனர் சான்றிதழில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அதற்காக மோட்டாரின் முழு வரைபடத்தையும் வாடிக்கையாளர் பட்டியலையும் அள்ளிக் கொடுத்துவிடாதீர்கள், கேட்ட அளவுக்கு மட்டும் போதும். காந்தத்தை வேறு பெயரில், வேறு நாட்டின் வழியாக வரவழைத்துத் தருகிறேன் என்று சில இடைத்தரகர்கள் உங்களை நிச்சயம் அணுகுவார்கள், ஏற்கெனவே அணுகியிருக்கவும் கூடும். 8505 என்ற சுங்கத் தலைப்பில் வர வேண்டியதை வேறு தலைப்பில் அறிவித்தால், 1962 சுங்கச் சட்டப்படி சரக்கு பறிமுதல் ஆகும், அபராதமும் உங்கள் பெயரில்தான் வரும். தரகர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

ஓசூர் வாடிக்கையாளருக்கு ஓராண்டு நிலையான விலை கொடுக்காதீர்கள். அளவை ஓராண்டுக்கு ஒப்புக்கொள்ளலாம். விலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காந்தத்தின் பில் விலையை மட்டும் அடிப்படையாக வைத்து மாற்றலாம் என்று எழுதுங்கள். செம்பு, கூலி, உங்கள் லாபம் மாறாமல் இருக்கும் என்று உறுதி கொடுத்தால் அவர்களுக்கும் அது நியாயமாகப் படும். வெளிநாட்டு அரசின் ஏற்றுமதி உரிமம் தாமதமானாலோ மறுக்கப்பட்டாலோ தாமத அபராதம் கிடையாது என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இல்லாமல் கையெழுத்துப் போடவே வேண்டாம். 2026 நவம்பர் 10க்குப் பிறகு டெலிவரி ஆக வேண்டிய மோட்டார்களை இந்த ஒப்பந்தத்திலிருந்து பிரித்து, செப்டம்பரில் மறுபடியும் பேசிக்கொள்ளலாம் என்று தனியே வையுங்கள். 6,000 என்பதில் முதல் நான்கு மாதத்துக்கு உங்கள் கையிருப்பும் உறுதியான உரிமமும் எத்தனை மோட்டாருக்கு ஈடுகொடுக்கின்றனவோ, அத்தனைக்கு மட்டும் தேதி கொடுங்கள். இந்த நிபந்தனைகளை ஏற்க மறுத்தால், அந்த ஆர்டர் வேறு ஒருவருக்குப் போகட்டும். அதனால் வரும் வருத்தம் ஒரு மாதத்தில் ஆறும், அபராதத்தில் பட்டறையை அடமானம் வைத்தால் ஆறாது.

ரோட்டர் சூட்டை அளந்ததும் இரண்டு எண்களையும், பம்ப் மோட்டாருடையது ஒன்று, ஸ்கூட்டர் மோட்டாருடையது ஒன்று, எனக்கு எழுதுங்கள். எந்த ரகத்துக்குச் சான்று கேட்க வேண்டும், சப்ளையருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தில் என்ன சொற்கள் இருக்க வேண்டும் என்பதை மாதக் கடைசிக்கு முன்பே அனுப்பிவைக்கிறேன். சில்லு பெயர்ந்த காந்தத்தை என்னிடமே வைத்துக்கொள்கிறேன். மற்றதை இதனுடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.